உள்ளான் பங்கு

அங்கே சிரிக்கிறார்கள். பேசக் கூடாது, இருமக் கூடாது, தீக்குச்சி கிழிக்கக் கூடாது என்று மலை ஏறும்போது வழியெல்லாம் சட்டம் சொல்லிக்கொண்டு வந்தவனே சங்கிலிதான். இப்போது சோலை மரங்களின் மேல் இடைவெளியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என் மனைவி சிரிக்கிறாள். சத்தம் வரவில்லை. ஆனால் இசக்கியம்மாள் சிரித்தால் இடது தோள் குலுங்கும், அதைக் கண்டுகொள்ள எனக்குச் சத்தம் வேண்டியதில்லை, கூடக் குடித்தனம் நடத்தியவனுக்குத் தோள் போதும். அவன் ஏதோ காதோடு சொல்லியிருக்கிறான். அவனுக்குக் கண் மங்கிவிட்டது, அவளுக்குக் காது கூர்மை, அதனால் இரண்டு பேரும் ஒரே இடத்தில் உட்காருங்கள் என்று ரேஞ்சர் தாமரைச்செல்வி பிரித்துவிட்டாள். சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும். எனக்குக் கண்ணும் நன்றாக இருக்கிறது, காதும் நன்றாக இருக்கிறது, அதனால் நடு இடைவெளியில் தனியாக. குறை உள்ளவனுக்குத் துணை, குறை இல்லாதவனுக்கு ஒரு பாறையும் ஒரு கம்பளியும். ஃபிளாஸ்க் அவளோடு போய்விட்டது. அதன் மூடி திருகும்போது கிறீச்சென்று ஒரு ஒலி எழும், சற்று முன்னால் அது கேட்டது, எனக்குக் காது நன்றாக இருக்கிறது என்றேனே. தேநீர் ஊற்றுகிறாள். அவனுக்குத்தான். குளிர் முழங்காலுக்குள் இறங்குகிறது. இந்த முழங்கால் மூன்று முறை போலீஸ் தடியை வாங்கியது, சங்கிலியின் முழங்கால் ஒரு முறைகூட வாங்கவில்லை, அப்படியும் கம்பளிக்குள் இரண்டு பேராக உட்கார்ந்திருப்பது சங்கிலியின் முழங்கால்தான்.

சரி, பறவையைப் பார். அதற்குத்தானே வந்தாய். முதுகுக்குப் பின்னால் சோலை, முன்னால் சதுப்பு, நடுவில் மரங்கள் விட்ட மூன்று இடைவெளிகள். காட்டு உள்ளான் பகலெல்லாம் சோலைக்குள் சருகோடு சருகாகக் கிடக்கும், மிதிக்கப் போகும்வரை அசையாது. இருட்டத் தொடங்கியதும் இந்த இடைவெளிகள் வழியாக வெளியே வந்து சதுப்பில் இறங்கும், ஈரமண்ணில் அலகைக் குத்திப் புழு எடுக்கும். பனிக்காலத்துக்கு மட்டும் எங்கோ வடக்கேயிருந்து இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. துரைமார் உட்காக் என்பார்கள், எஸ்டேட்டில் நாங்களும் அப்படியே சொன்னோம். அப்போதெல்லாம் ஒரு சாயங்காலத்தில் தலைக்கு மேல் போகிறதை விரல்விட்டு எண்ணி முடியாது. இப்போது முந்தாநாள் ஒன்றும் இல்லை. நேற்றும் இல்லை. காத்திருந்து பார்க்கச் சொன்ன மூன்று நாளில் இன்று கடைசி. கீழே ரிசார்ட்டுக்காரன் சதுப்பைத் தேக்கிப் படகு விடப் போகிறான். அங்கே ஏதாவது அபூர்வமான உயிர் இறங்குகிறது என்று காட்டுங்கள், நான் தடுக்கிறேன், ஒரே ஒரு உள்ளான் போதும் என்கிறாள் ரேஞ்சர். போன வருஷம் அதே ரிசார்ட்டின் காவல்காரன் இதே சதுப்பில் துப்பாக்கியோடு அலைந்தான், விருந்தாளிகளின் தட்டுக்கு மெனுவில் இல்லாத கறி போனது, அதை வெளியே கொண்டுவந்து நோட்டீஸ் அடித்தவன் சங்கிலி. அதனால் பேப்பரில் படம் வந்தது. சங்கிலி ஒரு சருகைக் கையில் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிற படம். பறவைகளின் தோழர் என்று கீழே போட்டிருந்தான். நான் மொத்தம் எத்தனை நோட்டீஸ் எழுதியிருப்பேன், எத்தனை வாயிற்கூட்டம், எனக்கு வந்த ஒரே படம் போலீஸ் வண்டியில் ஏறும்போது முதுகு மட்டும் தெரிகிற படம்.

எழுத்துக்கூட்டிப் படிக்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். பள்ளிக்கூடம் எனக்கும் இல்லை, சங்கத்து நோட்டீஸ்தான் எனக்கு அரிச்சுவடி, சுரண்டல் என்ற சொல்லை எழுதிப் பழகிய பிறகுதான் என் பெயரைச் சுடலையாண்டி என்று எழுதப் பழகினேன். அதே நோட்டீஸை லைன் வீட்டு வாசலில் வைத்துச் சங்கிலிக்கு விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் காட்டினேன். அவனுக்கு மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. இன்றைக்கு அவன் எழுதுகிற நோட்டீஸில் சுரண்டல் என்ற சொல்லே கிடையாது. ஈரம், சருகு, மௌனம் என்று எழுதுகிறான். படித்துவிட்டு இசக்கியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் நோட்டீஸைப் படித்து அவள் கண்ணைத் துடைத்ததில்லை. மடித்து அரிசிப் பானைக்கு அடியில் விரித்தாள். ஈரம் உறிஞ்ச நல்ல தாள் என்றாள். அதற்கு என்ன, நோட்டீஸ் கண்ணீருக்கா அடிக்கிறோம், கூட்டத்துக்கு அடிக்கிறோம். தோழர் என்று அவனைக் கூப்பிடுகிறாள். சங்கிலித் தோழர் வந்தாரு, சங்கிலித் தோழர் சொன்னாரு. என்னை இவுக என்கிறாள். இவுகளுக்குச் சீனி ஆகாது. இவுக ராத்திரி தூங்க மாட்டாக. சங்கத்தை இந்த எஸ்டேட்டுக்குக் கொண்டுவந்தவன் நான், என் வீட்டுக்குள் தோழர் என்று பெயர் வாங்கியவன் அவன்.

மறுபடியும் கிறீச். இன்னொரு மூடியா. வெளிச்சம் சதுப்பின் மேல் சாம்பலாகிவிட்டது, தண்ணீர் இருக்கிற இடம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. ஒரு தவளை. இப்படியொரு நேரத்தில்தான் துரை கடைசித் தோட்டாவைப் போடுவான். பகலெல்லாம் நாங்கள் காடு கலைப்போம், தகரம் தட்டி, கம்பால் புதரை அடித்து, அட்டை கடித்த காலோடு ஒரே வரிசையாக. பறவை எழும், முறுக்கி முறுக்கிப் பறக்கும், துரை சுடுவான். கிறிஸ்துமஸ் மேஜைக்கு. ஒரு வேடிக்கை, ஒரு புதரில் ஒன்றைச் சுட்டால் அடுத்த பனிக்கு அதே புதரில் வேறொன்று வந்து படுத்திருக்கும், நல்ல புதர் காலியாக இருப்பதில்லை. அதைப் பார்த்துத்தான் துரை சொன்னான், எவ்வளவு சுட்டாலும் இது குறையாது என்று. நாங்களும் நம்பினோம். ஆள் வேலையைவிட்டுப் போனால் அதே லைன் வீட்டில் அடுத்த ஆள் குடிவரவில்லையா, அதுபோல என்று நினைத்தோம். இசக்கியம்மாள் அப்போது பங்களா குசினியில் கையாள். வந்து சொல்வாள். அந்தப் பறவையைக் குடல்கூட எடுக்காமல் சுடுறாங்க, நீட்டு மூக்கை வளைச்சு அதோட தொடையிலயே குத்தி வைக்கிறாங்க, உள்ளே இருக்கிறதை வழிச்சு ரொட்டியில தடவித் திங்கிறாங்க. சொல்லும்போது மூக்கைச் சுளிப்பாள். நான் அதை நோட்டீஸாக்கினேன். நம் காலால் எழுந்த பறவையின் குடலைக்கூட நமக்கு விடாத வர்க்கம் என்று எழுதினேன். அது ஒரு நல்ல வரி. இன்றைக்கும் அது நல்ல வரிதான், சங்கிலியால் அப்படி ஒரு வரி எழுத முடியாது.

பறவை யாருக்குச் சொந்தம் என்று தலைப்பு. கலைக்கிறவனுக்கும் பங்கு வேண்டும், விழுகிற உள்ளானில் ஒரு பங்கு கலைக்கிறவன் கைக்கு வர வேண்டும் என்று வேலை நிறுத்தம். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஒருவனும் சோலைக்குள் கால் வைக்கவில்லை. துரைமார் தாங்களே புதரை அடித்துப் பார்த்தார்கள், சப்பாத்து சேற்றில் மாட்டியதுதான் மிச்சம். அப்போது கூட்டத்தில் எழுந்தவன் இந்தச் சங்கிலி. பங்கு எதுக்குண்ணே கேக்கணும், சுடவே கூடாதுன்னு கேப்போம், எங்கிருந்தோ பறந்து வந்து நம்ம சோலையில படுத்திருக்கு, அதை எழுப்பிவிட்டுச் சாகடிச்சா அது யாரு தட்டுல இருந்தா என்ன. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பசித்தவனிடம் போய் அதைச் சொல்லிப் பார் என்றேன். அன்றைக்கு அது சரியான பதில். இன்றைக்கும் சரிதான். ரிசார்ட்டுக்காரன் தட்டுக்குச் சுடுவதும் லைன் வீட்டுக்காரன் பிள்ளையின் பசிக்குக் கண்ணி வைப்பதும் ஒன்றா. ஒன்று இல்லை. ஆனால் உள்ளானுக்கு ஒன்றுதான் என்பான் அவன். பறவையின் பக்கம் நின்று பேசுகிறவனோடு வாதம் செய்யவே முடியாது, பறவை வந்து அவன் சொன்னது தப்பு என்று சொல்லப் போவதில்லை. தொழிலாளி அப்படி இல்லை. தொழிலாளி எழுந்து நின்று ஆண்டி அண்ணே, நீங்க சொன்னது நடக்கலியே என்பான்.

பங்கு வாங்கினோம். வெற்றி. முதல் வேட்டையில் எங்கள் வரிசைக்கு ஒரே ஒரு உள்ளான் வந்தது, அதை என் வீட்டில்தான் சமைக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். குடலை எடுத்து, மஞ்சள் தடவி, மிளகு அரைத்துக் குழம்பு வைத்தாள் இசக்கியம்மாள். கமிட்டி ஆட்கள் ஏழு பேர், நான் துண்டு எண்ணிப் பங்கு சொன்னேன், நெஞ்சு யாருக்கு, தொடை யாருக்கு, தலைவனுக்குக் கழுத்து என்று கழுத்தை நான் எடுத்துக்கொண்டேன், அது ஒரு நியாயம். மண்ணின் ருசி அதில் இருந்தது, மழை விட்ட மறுநாள் மண். சங்கிலி தன் துண்டை அடுத்தவன் தட்டில் வைத்துவிட்டு வெறும் ரசம் கேட்டான். ரசம் ஊற்றப் போனவள் அவனைப் பார்த்தாள். அங்கேதான். அங்கேதான் ஒவ்வொரு முறையும் வந்து நிற்கிறேன். எவ்வளவு நேரம் பார்த்தாள். கரண்டியிலிருந்து ரசம் சொட்டுகிற அளவுக்கு. பிறகு அடுப்பங்கரைக்குப் போய் அவளும் வெறும் ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டாள், சட்டியை அவள் தொடவில்லை, நான் பார்த்தேன். அவன் சாப்பிடவில்லை என்று அவளும் சாப்பிடவில்லை. ஏழு பேர் நடுவில், என் வெற்றியின் நடுவில், இரண்டு பேர் மட்டும் வேறொரு கட்சியில் சேர்ந்துவிட்டார்கள். கேட்டதில்லை. என்னவென்று கேட்பது. போலீஸ்காரனிடம் கேள்வி கேட்கத் தெரிந்தவனுக்கு, துரையிடம் கேட்கத் தெரிந்தவனுக்கு, தட்டு கழுவுகிறவளிடம் ஏன் நீ சாப்பிடவில்லை என்று கேட்க வாய் வரவில்லை. சங்கிலி கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஏன். கட்சிக்காக என்பார்கள். இருக்கலாம்.

என்னமோ வந்தது. சத்தம் இல்லை. ஒரு துண்டு இருட்டு சோலையிலிருந்து பிரிந்து வருவதுபோல, என் இடைவெளியில், நேர் தலைக்கு மேல். அகலமான சிறகு, அலகு கீழே சாய்ந்து, எதையோ மண்ணில் தேடிக்கொண்டே பறக்கிற மாதிரி. கழுத்து இருப்பதாகவே தெரியவில்லை. என்னைப் பார்த்ததா. அதன் கண் தலையின் பின்பக்கமாக ஒதுங்கியிருக்கும், குசினியிலிருந்து ஒரு தலையை அவள் எடுத்துவந்து காட்டியிருக்கிறாள், முன்னால் போகும்போதும் பின்னால் விட்டதையே பார்க்கிற கண். முறுக்கிக்கொண்டு திரும்பியது, சதுப்பின் வெளுப்புக்கு மேல் ஒரு கணம் முழுதாகத் தெரிந்தது, இறங்கியது, இல்லை. புல் அசையவில்லை. என் வாய் திறந்திருக்கிறது. நெஞ்சு அடிக்கிறது, வாயிற்கூட்டத்தில் கதவு திறக்கும்போது அடிக்கிற மாதிரி. மேல் இடைவெளியைப் பார்க்கிறேன். இரண்டு தலைகளும் வேறு பக்கம் பார்த்திருக்கின்றன. அவர்கள் பார்க்கவில்லை. அவளுடைய காதுக்கும் எட்டவில்லை, எட்ட அதில் ஒலியே இல்லை. கீழ் இடைவெளியில் ரேஞ்சர், பாறை மறைக்கிறது. நான் மட்டும். இந்த மலையில் இன்றைக்கு நான் மட்டும்.

ஒன்றும் இல்லை என்று சொன்னால் என்ன. ஒரு சொல். பொய்கூட இல்லை, வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவது. படகு வரும். சதுப்பு போகும். சங்கிலி வெறும் மனிதனாகக் கீழே இறங்கிப் போவான், பென்ஷன் இல்லாத ஒரு பழைய தொழிலாளி, என்னைப்போல. அவளும் பார்ப்பாள், பறவைகளின் தோழருக்குப் பறவை இல்லை. நான் ஒருபோதும் குறைத்துச் சொன்னவன் இல்லை, கூட்டத்துக்கு நூறு பேர் வந்தால் ஆயிரம் என்று அறிக்கை விட்டவன், அது எங்கள் தொழிலில் பொய் ஆகாது, வராதவன் நாளைக்கு வருவதற்காகச் சொல்வது. வாழ்க்கையில் ஒரு முறை குறைத்துச் சொன்னால் என்ன. ஆனால் அவன் அழ மாட்டான். அதுதான் அவனிடம் இருக்கிற தொல்லை. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கடைசிப் பறவையைப் பற்றி ஒரு நோட்டீஸ் எழுதுவான், ஈரம், சருகு, காலியான வானம், ஊரே படிக்கும், அவள் முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். தோற்றாலும் அவன்தான் அழகாகத் தோற்பான். ஜெயித்தால் படம், தோற்றால் கண்ணீர். எனக்கு எது. சதுப்பில் அது இப்போது நடக்கிறது, அலகைக் குத்துகிறது, குத்தி எடுக்கிறது, அதற்குச் சங்கிலியைத் தெரியாது. அது என் இடைவெளியில் வந்தது. அவனுடையதில் வரவில்லை. எத்தனை வருஷம் அவன் இந்தப் பறவைக்காக நின்றான், அது என் தலைக்கு மேலே வந்தது. அதை ஏன் நான் இல்லாமலாக்க வேண்டும். அது என்னுடையது.

சங்கிலி இரண்டு முறை கை தட்டுகிறான். முடிந்தது. இனிக் கண்ணுக்கு வேலை இல்லை. பாதையில் டார்ச் வெளிச்சத்தில் கூடுகிறோம், ரேஞ்சரின் உதடு குளிரில் வெளுத்திருக்கிறது. எனக்கு ஒண்ணும் இல்ல என்கிறாள். சங்கிலி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறான், அங்க சோலை அப்படியே கிடந்துச்சும்மா, ஒண்ணும் அசையல, அக்காவுக்கும் ஒண்ணும் கேக்கல. குரல் உடையவில்லை, நான் சொன்னேனே, ஆனால் துடைத்த கண்ணாடியையே மறுபடி மறுபடி துடைக்கிறான். ரேஞ்சர் என் பக்கம் திரும்புகிறாள். உங்களுக்கு, ஐயா. நான் ஒண்ணு என்கிறேன். ஒண்ணு, நடுவழியா, தலைக்கு நேரா, சதுப்புல அந்த வெளுத்த இடத்துக்கு வலப்பக்கம் இறங்குச்சு. சங்கிலி முதலில் என்னைப் பார்க்கிறான், பிறகு சிரிக்கத் தொடங்குகிறான், அம்மா, எங்க சங்கத்துல ஒரு வழக்கம் உண்டு, ஆண்டி அண்ணன் சொல்ற கணக்கைப் பாதியாக்கித்தான் மினிட்ஸ்ல எழுதுவோம். ரேஞ்சரும் சிரித்துவிடுகிறாள். ஒண்ணுல பாதின்னா எப்படிங்க, சிறகு மட்டுமா. என் காது எரிகிறது. இசக்கியம்மாள் சிரிக்கவில்லை, தோளைப் பார்த்தேன், குலுங்கவில்லை. சங்கிலி கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொல்கிறான், இல்லம்மா, நல்லா யோசிச்சுப் பாருங்க, அண்ணன் பொய் சொல்றதா இருந்தா பன்னெண்டுன்னு சொல்லியிருப்பாரு, இவரு வாயில ஒண்ணுங்கிற நம்பர் இதுவரைக்கும் வந்ததே கிடையாது, அப்ப அது உண்மை, தைரியமாப் போடுங்க. பிறகு என் கையைப் பிடித்தான். அவன் கை சூடாக இருந்தது, தேநீர் மூடியைப் பிடித்த கை. கண்ணாடிக்குள் ஈரம். சொல்லுங்கண்ணே, எப்படி இருந்துச்சு, மூக்கைக் கீழ சாய்ச்சுக்கிட்டா பறந்துச்சு என்று கேட்டான், கெஞ்சுகிற மாதிரி. நான் பார்த்தேன், அவன் பார்க்கவில்லை, அப்படியும் அது உண்மை என்று ஆவதற்கு அவன் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆமா, சாய்ச்சுட்டுத்தான் என்றேன். அதற்குமேல் அவனுக்குக் கொடுக்கவில்லை.

அவர்கள் ஜீப்பில் கீழே போனார்கள். எங்கள் வீடு மேட்டுப் பாதையில், நடக்கிற தூரம்தான். டார்ச் அவள் கையில், ஃபிளாஸ்க் அவள் தோளில், நான் பின்னால். தேயிலைக்குள்ளிருந்து பனி ஏறி வருகிறது. அங்க என்ன சிரிப்பு என்றேன். அட்டை என்றாள் திரும்பாமல், தோழர் கால்ல அட்டை ஏறிடுச்சு, உயிரைக் கொல்லக் கூடாதுன்னு அதைப் பிய்க்காம ஊதிக்கிட்டே இருந்தாரு. நானும் சிரித்திருப்பேன், வேறு ஆளாக இருந்தால். கொஞ்சம் நடந்தோம். பறவை இன்னும் என் தலைக்கு மேலேயே இருக்கிறது, அது போன பாதை குளிராகத் தெரிகிறது, அந்தக் குளிரில்தான் வாய் தானாகத் திறந்தது. ஏன்டி, நாம பங்கு வாங்கின அன்னைக்கு, உள்ளான் குழம்பு வச்சியே, நீ ஏன் அதைத் தொடல. அவள் நின்றாள். டார்ச் பாதையில் ஒரு கல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. இப்ப என்ன அதுக்கு. சும்மாதான் கேக்கேன், அந்தச் சங்கிலி சாப்பிடலங்கிறதாலயா. அவரை ஏன் இதுல இழுக்கீக என்பதுபோல ஒரு பார்வை, பிறகு அவளுக்கே அது சுவாரசியமில்லாமல் போய்விட்டது. ஒரு பறவை, இம்புட்டுக்காணு. நீங்க ஏழு பங்கு போட்டீக. சட்டியில எனக்கு எது இருந்துச்சு தொட. அவரு வேணாம்னதும் அதாவது திரும்பி வருமான்னு பார்த்தேன், அதை அவரு பக்கத்துல இருந்த ராசையா தட்டுல வச்சுட்டாரு. வாசத்துக்கு நாக்குல தண்ணி ஊறிச்சு, ரசத்தை ஊத்திக்கிட்டேன். அப்ப மூத்தவ வயித்துல. சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினாள். கல்லு இருக்கு, பாத்து வாங்க.

ஏழு. நான்தான் எண்ணினேன். நெஞ்சு, தொடை, கழுத்து. கலைக்கிறவனுக்குப் பங்கு என்று எழுதியவன் நான். அந்தப் பார்வை. கரண்டியிலிருந்து ரசம் சொட்டியதே, அவள் பார்த்தது அவன் முகத்தை இல்லை, அவன் துண்டை. இத்தனை காலம் நான் காவல் காத்தது ஒரு துண்டுக் கறியை. இல்லை, அப்படியும் இருக்குமா, இப்போது சமாளிக்கச் சொல்கிறாளா, தோழர் என்று ஏன் கூப்பிடுகிறாள், இரண்டு முறை மூடி கிறீச்சிட்டதே, நான் கேட்டேனே. டார்ச் வெளிச்சம் முன்னால் போகிறது, அவள் செருப்பின் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது, அதையும் இன்றைக்குத்தான் பார்க்கிறேன். மேடு ஏறியதும் ஃபிளாஸ்க்கைக் கழற்றிப் பின்னால் நீட்டினாள். இந்தாங்க, சூடு ஆறதுக்குள்ள குடிங்க, சீனி போடல. சங்கிலி குடிச்சானா. ஒரு மூடி ஊத்தினேன், அட்டையை ஊதிக்கிட்டே பாதியை மண்ணுல கொட்டிட்டாரு, இன்னும் அரை மூடி ஊத்தினேன். நீ குடிச்சியா என்றேன். அவள் திரும்பி டார்ச்சை என் முகத்தில் அடித்தாள். கண் கூசியது. என்ன புதுசா என்றாள். குடிச்சேன், குடிங்க. வாங்கிக்கொண்டேன். மூடியைத் திருகவில்லை. கையில் வைத்துக் கனம் பார்த்தேன், காட்டில் விழுந்த பறவையை எடுத்துக் கனம் பார்ப்போமே அப்படி. இரண்டு பேர் குடித்த ஃபிளாஸ்க் இவ்வளவு கனக்காது.